ஒருவருக்குக் கஞ்சி இறங்காது, இன்னொருவருக்குக் கை நிற்காது

"கவலை வந்தா எனக்கு வல்லதும் தின்னுட்டே இருக்கணும் மக்களே. உனக்க மாமனுக்கு ஒரு வாய் கஞ்சி எறங்காது. ஒரே வீடு, ஒரே கடன். இது என்ன கணக்கு?"

பக்கத்து வீட்டு மாமி கேட்ட கேள்வி இது. பாறசாலையிலிருந்து செங்கல் போகும் வழியில், ரப்பர் விளைகளுக்கு நடுவே இருக்கிறது அவர்கள் வீடு. மாமன் விடியுமுன்பே பால்வெட்டுக்குப் போகிறவர். மகளின் நர்சிங் படிப்புக்கு எடுத்த கடனின் தவணை மாதாமாதம் வந்து நிற்கிறது. மாமி எனக்குச் சாயா ஆற்றித் தந்துவிட்டு, தானும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கேட்டதை உடலியல் படித்தவர்கள் எழுபது, எண்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் இன்னும் முழுசாகக் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவரைக்கும் உள்ளதை மாமிக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன்.

தலையிலிருந்து தொடங்கலாம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு, பாதாம் பருப்பு அளவுதான். பசி, தாகம், உடம்புச் சூடு, தூக்கம் எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. அதற்குள் பசியைத் தூண்டும் இடம் எது என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். லாகூரில் பிறந்த பால் கிருஷன் ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் புரோபெக்குடன் சேர்ந்து 1951-ல் அந்த ஆய்வை வெளியிட்டார். ஹைப்போதாலமஸின் இரு பக்கமும் ஒரு சிறு இடத்தைச் சிதைத்தால் எலிகள் சாப்பாட்டையே விட்டுவிட்டன. முன்னால் தீனி இருக்கும், தொடாது. பிறகு அவர் தில்லியில் எய்ம்ஸ் தொடங்கியபோது அங்கே உடலியல் துறையைக் கட்டியெழுப்பினார். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது மூளையின் பசிப் பகுதிகளில் மின்துடிப்பு எப்படி மாறுகிறது என்று 1960-களின் தொடக்கத்தில் அங்கே பதிவு செய்தார்கள். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அதே ஹைப்போதாலமஸில்தான் டென்ஷனுக்கான பொத்தானும் இருக்கிறது. தவணைக்காரர் வாசலில் வந்து நின்றால், அந்த நொடியிலேயே அங்கிருந்து சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் கிளம்புகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியை எழுப்ப, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற இன்னொன்றை ரத்தத்தில் விட, அது சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அடைந்து கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கிறது. காயமோ, கடுங்குளிரோ, எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று ஹான்ஸ் செலியே 1936-ல் எழுதினார். சங்கிலியின் முதல் கண்ணியான சி.ஆர்.எச்.சை ஆட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்து 1981-ல் அடையாளம் காட்டியவர் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வைலி வேல்.

மாமனுக்குக் கஞ்சி இறங்காததன் காரணம் இந்த முதல் கண்ணியிலேயே இருக்கிறது. சி.ஆர்.எச். பசியை அடக்கும். கூடவே அட்ரினலின் பாய்வதால் வயிறு தன் வேலையை மெதுவாக்கிக்கொள்ளும், வாய் உலரும், ரத்தம் குடலிலிருந்து கைகால் தசைகளுக்குத் திரும்பும். ஆபத்து எதிரே நிற்கும்போது உண்ண உட்காரக் கூடாது என்பது உடம்பின் பழைய ஏற்பாடு. ஆனால் இது முதல் அலைதான். கார்ட்டிசால் உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் ஆகும், வடிவதற்கும் நேரம் எடுக்கும். வடியும் அந்த நேரத்தில் கார்ட்டிசால் செய்கிற காரியம் நேர் எதிரானது. ஓடிக் களைத்த உடம்பு செலவழித்ததை ஈடுகட்ட வேண்டுமல்லவா, அதற்காகப் பசியைக் கிளறிவிடுகிறது. முதல் அலை யாருக்குப் பலமாக அடிக்கிறது, இரண்டாம் அலை யாருக்கு நீண்டு நிற்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. 59 பெண்களை வைத்து எலிசா எப்பெல் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், டென்ஷனின்போது கார்ட்டிசால் அதிகம் சுரந்தவர்கள் அன்றைக்கு அதிகம் சாப்பிட்டார்கள், அதிலும் இனிப்பான பண்டங்களை. கார்ட்டிசால் குறைவாகச் சுரந்தவர்கள் அப்படிச் சாப்பிடவில்லை.

"அப்போ எனக்கது ரெண்டாமத்த அலை" என்றார் மாமி, ஏத்தங்காய் சிப்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தபடி.

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கதை கார்ட்டிசாலோடு முடியவில்லை. 1999 வரைக்கும் பசி என்றால் மூளையின் சமாச்சாரம், வயிறு வெறும் பை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து ஒரு புது ஹார்மோனைக் கண்டெடுத்தார்கள். அவர்கள் தேடியது பசி ஹார்மோனை இல்லை, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிடும் பொருளை. கிடைத்ததற்குக் கிரெலின் என்று பெயர் வைத்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. அதைச் செலுத்தினால் எலிகள் தின்னத் தொடங்கின, மனிதர்களுக்குச் செலுத்தியபோதும் பசி எடுத்தது. மூளையிலிருந்து வயிற்றுக்கு உத்தரவு போவது தெரியும். வயிற்றிலிருந்து மூளைக்கு, பசி எடு என்று சொல்லிவிடும் ஹார்மோன் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

இந்தக் கிரெலினில் நம் பக்கத்தவர்களுக்குச் சுவாரசியமான ஒரு செய்தி இருக்கிறது. வயிறு அதைத் தயாரித்தவுடனே அது வேலை செய்யாது. அதன் மூன்றாவது அமினோ அமிலத்தின்மேல் எட்டுக் கார்பன் உள்ள ஒரு கொழுப்பமிலம் ஒட்டிக்கொண்டால்தான் கிரெலினுக்கு உயிர் வரும். அப்படி ஒட்டவைக்கும் நொதியை 2008-ல் அடையாளம் கண்டார்கள். அந்த எட்டுக் கார்பன் அமிலம் எங்கே அதிகம் என்றால், தேங்காய் எண்ணெயில். அதன் கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அதுதான். தேங்காயெண்ணெயில் பொரிக்காத பண்டம் ஒன்றுகூட இல்லாத ஊர் நம்முடையது. சுண்டெலிகளுக்கு இந்த அமிலத்தைத் தீனியில் கலந்து கொடுத்தபோது உயிருள்ள கிரெலின் வயிற்றில் கூடியது. அதனால் தேங்காயெண்ணெய் மனிதருக்குப் பசியைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த முடிவுக்கு இது போதாது. ஆனாலும் தின்னும் கொழுப்பும் பசியைச் சொல்லும் ஹார்மோனும் இப்படி ஒட்டி நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்கக் கிரெலின் ஏறும், உண்டு ஒரு மணி நேரத்தில் இறங்கும். சியாட்டிலில் டேவிட் கம்மிங்ஸ் குழு 2001-ல் இதை மனித ரத்தத்தில் அளந்து காட்டியது: ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வழக்கமாக நாம் உண்ணும் நேரத்தை அது பழகிக்கொள்ளும். காலை ஏழரைக்குச் சாப்பிடுகிறவருக்கு ஏழரைக்கு முன்பும், பத்துக்குச் சாப்பிடுகிறவருக்குப் பத்துக்கு முன்பும் அது ஏறத் தொடங்கும். ஒரு நாள் ஒரு நேரம், மறு நாள் வேறு நேரம் என்று உண்கிறவரின் வயிற்றுக்கு அப்படிப் பழகிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை.

இனித்தான் மாமி கேட்டதன் நடுப்பகுதிக்கு வருகிறோம். கிரெலின் சுரக்கும் வயிற்றுச் செல்களுக்கு டென்ஷன் நரம்புகளோடு நேரடித் தொடர்பு உண்டு. நெஞ்சு படபடக்க வைக்கும் அதே நோர்அட்ரினலின் அந்தச் செல்களைத் தொட்டால் அவை கிரெலினை வெளியே விடும். அதாவது, கவலையால் வரும் பசியும் ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய பசிதான். நம் கிராமங்களில் அப்படிச் சாப்பிடுகிற பெண்ணை "வாயைக் கட்டத் தெரியாதவ" என்று பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, உடலியலிலும் அதற்கு இடமில்லை.

டல்லாஸ் நகரத்தில் ஜெஃப்ரி ஜிக்மன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஒரு படி ஆழமாகக் காட்டியது. ஒரு சிறிய சுண்டெலியைத் தினமும் சில நிமிடம் முரட்டுப் பெரிய எலியின் கூண்டில் விடுவார்கள். அது மிரட்டும், கடிக்கும். பிறகு இடையில் ஓட்டைகள் உள்ள தடுப்பு போட்டு, நாள் முழுக்க அந்த முரடனைப் பார்த்துக்கொண்டே, மோந்துகொண்டே இருக்க வைப்பார்கள். பத்து நாள் இப்படிப் போனால் சுண்டெலி ஒடுங்கிவிடும். தன் இனத்து எலி எதையும் அண்டாது. கடன்காரர் அடுத்த தெருவிலேயே குடியிருந்தால் மனிதருக்கும் இதே நிலைதான். இந்தச் சுண்டெலிகளின் ரத்தத்தில் கிரெலின் ஏறியிருந்தது, அவை அதிகம் தின்றன. அடுத்து, கிரெலினின் சொல்லைக் கேட்க முடியாதபடி பிறந்த எலிகளையும் இதே பாட்டுக்கு உட்படுத்தினார்கள். அவை அதிகம் தின்னவில்லை. ஆனால் மற்ற எலிகளைவிட மோசமாக ஒடுங்கிப்போயின.

அப்படியென்றால் கவலையில் ஏறும் கிரெலின் மனம் முழுதாய்ச் சாய்ந்துவிடாமல் முட்டுக்கொடுக்கிறது. அதற்கு விலையாகக் கை சிப்ஸ் தட்டுக்குப் போகிறது. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 2012-ல் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. கிரெலினே இல்லாத எலிகள், சற்று நேரம் அழுத்தம் கொடுத்த பிறகு, சாதாரண எலிகளைவிட அதிகம் மிரண்டன. இத்தனைக்கும் அவற்றின் டென்ஷன் ஹார்மோன் குறைவாகத்தான் ஏறியிருந்தது. டென்ஷன் ஹார்மோன் என்றாலே கெட்டது என்று நாம் நினைப்பது சரியில்லை. அது ஏறவேண்டிய அளவுக்கு ஏறி இறங்கினால்தான் மனம் நிலைக்கு வரும். அந்த ஏற்றத்துக்குப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது வயிற்றிலிருந்து வரும் இந்தப் பசி ஹார்மோன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கீ கூசன்ஸ் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நாள்கணக்கில் அழுத்தத்துக்கு ஆளான எலிகளில் உயர்ந்தே நின்ற கிரெலின், பயத்தின் நினைவை மூளையில் அழுத்தமாகப் பதித்தது. அந்த நாட்களில் கிரெலினின் வேலையைத் தடுத்தபோது பயம் அவ்வளவு ஆழமாக வேர்விடவில்லை. ஒரு நாள் கவலைக்குத் துணை வருவது, வருடக்கணக்கான கவலையில் பயத்தை ஊட்டி வளர்க்கவும் கூடும். இரண்டு முடிவுகளும் எப்படிப் பொருந்துகின்றன என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் முடியவில்லை. அழுத்தம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதில்தான் விடை இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவை எல்லாம் எலிகளிடம் கண்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

"அப்போ தின்னாம இருந்தா செரியாவுமா?" மாமிக்குச் சட்டென்று வந்த யோசனை இது. ஊரில் பாதிப்பேருக்கு வருகிற யோசனையும் இதுதான். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவது, ராத்திரி பட்டினி கிடப்பது. அது ஏன் உதவாது என்பதற்கு லெப்டினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பழைய வீடுகளில் பத்தாயத்தில் நெல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் அன்றைக்கு உலையில் எவ்வளவு போடுவது என்று முடிவெடுப்பார்கள். உடம்பின் கொழுப்புதான் பத்தாயம் என்றால், அதில் எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் 1994-ல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார். கொழுப்புச் செல்கள் சுரப்பது அது. பட்டினி கிடந்தால், கொழுப்பு கரைவதற்கும் முன்பாகவே லெப்டின் வேகமாக இறங்கிவிடும். அது இறங்கியதும் மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. பசி ஏறும், உடம்பு செலவைச் சுருக்கும், கார்ட்டிசால் சங்கிலி விழித்துக்கொள்ளும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டினி போட்ட சுண்டெலிகளுக்கு லெப்டினை மட்டும் ஊசியில் கொடுத்தார்கள், தீனி கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் அவற்றின் டென்ஷன் ஹார்மோன் அவ்வளவாக ஏறவில்லை. பட்டினியையே உடம்பு ஒரு டென்ஷனாக எண்ணுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இந்த ஏற்பாடு எதற்காக உருவானது என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் மரச்சீனியைத் தின்று நாட்களைக் கடத்தியது. அந்தப் பஞ்ச காலத்தைத் தாண்டிவந்தவர்களின் உடம்பில் லெப்டின் இறங்கி, பசி ஏறி, செலவு சுருங்கியிருக்கும். அதே காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றோடு வைத்துப் பார்த்தார். அவர்கள் எடையில் கால்வாசியை இழந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள், பகலெல்லாம் சாப்பாட்டையே நினைத்தார்கள். லெப்டின் என்று ஒன்று இருப்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இன்றைக்குப் பாறசாலையில் பஞ்சமில்லை. நேரம்தான் பஞ்சம். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ச்சியில். அதனால் மாமன் மூன்று மணிக்கே எழுந்து நெற்றிவிளக்கோடு போகிறார். பத்தரைக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 2004-ல் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும் படுக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைத் தூக்கத்தில் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசி 24 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவும் உள்ள பண்டங்களின்மேல் ஆசை அதிகம் போனது. பன்னிரண்டே பேர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே அளவு வரவில்லை. என்றாலும் தூக்கம் குறைந்த மறுநாள் கை எதைத் தேடுகிறது என்பது இரவு வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

இனிப்பு ஏன்? மேரி டால்மன் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டென்ஷன் ஹார்மோன் நீண்ட நாள் உயர்ந்து நின்ற எலிகள் சர்க்கரைத் தண்ணீரையும் பன்றிக் கொழுப்பையும் தேடிப்போயின. அவற்றைத் தின்ற பிறகு மூளையில் சி.ஆர்.எச். தணிந்தது. அவர் குழுவின் கட்டுரை 2003-ல் வெளிவந்தது. ஆக, சீனி தூக்கலாய்ப் போட்ட சாயாவில் மாமிக்குக் கிடைக்கும் ஆறுதல் மெய்யான ஆறுதல். அந்தக் கலோரி வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாய்ச் சேர்வதும் அதே அளவு மெய்.

இப்படிச் சேரும் கொழுப்பும் அதோடு வரும் சர்க்கரை நோயும் நம் வட்டத்துக்கு வெறும் புத்தக விஷயமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தின் அச்சுதமேனோன் மையத்தைச் சேர்ந்தவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013-ல், பாறசாலை அடங்கிய இதே நெய்யாற்றின்கரை தாலுகாவில் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், சர்க்கரை நோய் வரும் ஆபத்து அதிகமுள்ள 1,007 பேர். யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க, சென்னையின் டாக்டர் வி. மோகன் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறையைப் பயன்படுத்தினார்கள். பாதிப் பகுதிகளில் ஓராண்டு முழுக்க ஊர்க்காரர்களே தலைமை தாங்கிய குழுக்கூட்டங்கள் நடந்தன, கூட நடைப்பயிற்சியும் வீட்டுத் தோட்டமும் யோகாவும். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குழுக்களில் இருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும், மற்றப் பகுதிகளில் 17.1 சதவீதத்தினருக்கும் சர்க்கரை வந்திருந்தது. திட்டம்தான் காரணம் என்று புள்ளியியல் முறைப்படி சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. காய்கறி, பழம் கூடியது, குடி குறைந்தது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் 2018-ல் எழுதியதை நான் மதிக்கிறேன். இரண்டே ஆண்டில் ஆபத்துள்ள ஆறேழு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை வருகிற ஊரில், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், தவணை எப்போது என்ற கேள்விகளையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாமிக்குச் சொன்னது இவ்வளவுதான். வேளை தப்பாமல் சாப்பிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கை சிப்ஸ் தேடும் என்று தெரியும், அப்போது அவித்த பயறோ ஒரு முட்டையோ முன்னால் இருக்கட்டும். புரதம் கிரெலினை நன்றாக இறக்கும், இறங்கியது கொஞ்ச நேரம் இறங்கியே இருக்கும். கொழுப்புக்கு அந்தத் திறமை குறைவு. மாமன் வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு விளைக்குப் போக வேண்டாம், ஒரு மட்டிப்பழமாவது உள்ளே போகட்டும். திரும்பி வந்து மதியம் ஒரு மணி நேரம் படுக்கட்டும், அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது.

"மாமனுக்கு இப்பளும் எறங்கல்லியே, ஒரு மாசமாச்சு" என்றார் மாமி.

அதுதான் கவனிக்க வேண்டியது. டென்ஷனால் பசி போவது ஒரு நாள், இரண்டு நாள். இரண்டு வாரம் தாண்டியும் பசியில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, விடியுமுன் முழிப்பு வந்து மனம் கனக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியிலோ நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ காட்டி ரத்தம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக மனசு வராதவர்கள் முதலில் டெலிமானஸ் எண்ணான 14416-ஐக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். மாமி எழுந்துபோய்க் காலண்டரின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதிவைத்தார்.